ஒரு ஈற்றுக்கு ஒரு தகப்பன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மிருக வைத்தியர்களான உங்களுக்குப் பயன்படும்படி என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அடைப்பானுக்கு என்ன மருந்து, கோமாரி வந்த ஊரில் எந்தத் தெருவை முதலில் மறிப்பது என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முப்பது வருஷத்தில் நான் பிழைக்க வைத்த மாடுகளைப் பற்றி எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உங்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அதனால் நான் இரண்டு முறை சொன்ன நாலு வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம் என்னைச் சேரன்மகாதேவிக்குப் போட்டார்கள். எனக்கு வயது இருபத்து நாலு. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளை. சென்னைப் பட்டணத்தில் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவன். ஆஸ்பத்திரி என்று பெயர், இருந்தது ஓடு போட்ட இரண்டு அறை. ஊர்க்காரர்கள் சூடு போட்டுப் பார்த்து, வேப்பெண்ணெய் ஊற்றிப் பார்த்து, கடைசியில் சாகப்போகிற மாட்டைத்தான் என்னிடம் ஓட்டி வருவார்கள். அது செத்ததும், "டாக்டர் மருந்து கொடுத்தாரு, செத்துப்போச்சு" என்பார்கள். ஆறு மாதம் இப்படி இருந்தால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சீக்கிரம் தெரியும். யாராவது ஒருவர் நம்மை மதித்துக் கேள்வி கேட்டால் போதும் என்று ஆகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியுமா என்பது இரண்டாம் பட்சம்.

என்னை மதித்தவர் ஒரு பண்ணையார். ஊருக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் அவருடைய வயல்தான். நெல் பால் பிடிக்கிற காலத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கி வரும். வயலைக் காக்க ஏழெட்டு வேட்டை நாய்கள் வைத்திருந்தார். அதில் வெள்ளையன் என்று ஒரு கடுவன், ஆண் நாய். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பன்றி பண்ணையாரின் தொடையைக் கிழித்துக் கீழே தள்ளியபோது, ஆட்கள் வந்து சேருகிற வரைக்கும் அந்த நாய் பன்றியின் காதை விடாமல் பிடித்துத் தொங்கியதாம். அதிலிருந்து அவர் காலைச் சாய்த்துத்தான் நடப்பார். வெள்ளையன் அவர் கூடவே நடக்கும்.

நாய்களைப் பார்த்துக்கொண்டவன் இசக்கிமுத்து. நாற்பது வயதிருக்கும். அவனும் பெண்சாதி பேச்சியும் நாய்க்கொட்டிலை ஒட்டி ஒரு குடிசையில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. பேசவே மாட்டான். நாய்களிடம் மட்டும் ஏதோ முனகிக்கொண்டே இருப்பான், அதுகளும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் முற்பகலில் அவன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். மாடு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் போகிற வரைக்கும் வேப்பமரத்தடியிலேயே நின்றான். பிறகுதான் உள்ளே வந்தான்.

"சிட்டு பருவத்துக்கு வந்திருக்கு, அய்யா. வெள்ளையனைச் சேத்தாச்சு. முந்தாநாளும் நேத்தும்."

சிட்டு அந்தக் கொட்டிலில் நல்ல பெட்டை. வெளுத்த நிறம், ஏழு வயது.

"நல்லது. பிறகென்ன?"

"வெள்ளையனுக்குச் சத்து இருக்கான்னு தெரியல. வயசாயிட்டு. போன வருசம் ரெண்டு பொட்டைக்குச் சேத்தோம், ரெண்டுக்கும் சினை நிக்கல. இந்தத் தடவையும் குட்டி இல்லைன்னா என் கவனிப்பு சரியில்லைன்னுதான் அர்த்தம்னு பண்ணையார் சொல்லிட்டாக. சிட்டுக்கும் இதான் கடைசி ஈத்து."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பக்கத்தூர்த் தலையாரிகிட்ட ஒரு கருப்புக் கடுவன் இருக்கு. நல்ல நாய். நாளைக்கு அதையும் சேத்துட்டா என்னன்னு நெனைக்கேன். வெள்ளையனுக்கு நின்னுருந்தா வெள்ளையன் குட்டி. நிக்காட்டி கருப்பன் குட்டியாவது கொட்டில்ல கெடக்கும். அப்படி வந்தா நானே பண்ணையார் காலுல விழுந்து உண்மையைச் சொல்லிக்கிடுதேன். வெறுங்கொட்டிலைக் காட்டுததுக்கு அது தேவலை. ஆனா..."

"ஆனா?"

"ரெண்டும் கலந்து வந்துருமோன்னு பயமா இருக்கு. வந்தா வெள்ளையன் குட்டியையும் பண்ணையார் நம்ப மாட்டாக. எங்க மாமா ஆட்டுக்கிடை போட்டவரு. ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் குட்டி வரும், கிடைநாய்ல நான் பாத்திருக்கேன்னு சொல்லுவாரு. அதான் படிச்சவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு வந்தேன்."

நான் சிரித்தேன். கல்லூரியில் எங்களுக்கு மாட்டையும் குதிரையையும்தான் பாடமாக வைத்திருந்தார்கள். நாய் என்றால் வெறிநோய் ஒரு நாள், சொறி ஒரு நாள், அவ்வளவுதான். பசுவுக்கு ஒரு காளை, ஒரு கன்று. எனக்குத் தெரிந்தது அது. அதையே நாய்க்கும் போட்டேன்.

"அதெல்லாம் ஊர்க்கதை, இசக்கி. ஒரு ஈற்றுக்கு ஒரு தகப்பன்தான். வெள்ளையனுக்குச் சினை பிடித்திருந்தால் அதற்குப் பிறகு எது சேர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. தைரியமாகச் செய்."

அவன் "சரி, அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பண்ணையார் வில்வண்டி அனுப்பினார். காலை பத்து மணி இருக்கும். சிட்டு ஈன்று மூன்றாம் நாள். கொட்டிலுக்கு முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் வெள்ளையன். எதிரே இசக்கி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். தலையாரி தன் நாயின் குட்டிகளைப் பார்க்க வேண்டுமென்று காலையிலேயே வந்து நின்றிருக்கிறான். அதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கருப்பு நாயைக் கொண்டுவந்ததை இசக்கி மறைக்காமல் ஒப்புக்கொண்டு விட்டான்.

வைக்கோலில் ஐந்து குட்டிகள். மூன்று வெளுப்பு. இரண்டு நல்ல கருப்பு, கண்ணுக்கு மேலே செம்புள்ளி வைத்து, தலையாரியின் நாயை உரித்து வைத்தது மாதிரி.

"டாக்டரே, இவன் செஞ்சது இருக்கட்டும், அதைப் பிறகு பாத்துக்கிடுதேன்" என்றார் பண்ணையார். குரலை உயர்த்தவில்லை. "இதுல வெள்ளையன் குட்டி உண்டா? அதை மட்டும் சொல்லும்."

இசக்கி சொன்னான், "வெளுத்தது மூணும் வெள்ளையன் குட்டிதான் எசமான். நெஞ்சைப் பாருங்க."

"உன்னைக் கேக்கலலே."

நான் குனிந்து குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளுத்த மூன்றுக்கும் நெஞ்சு அகன்று முன்னால் தள்ளியிருந்தது. தாய்க்கு அப்படி இல்லை. நாற்காலிக்குக் கீழே படுத்திருந்த நாய்க்கு அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் குட்டியிலேயே தெரிந்தது. இசக்கியின் மாமா சொன்னது மெய் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு குட்டியாக எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தேன். பரிசோதிக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தகப்பன் என்று சொன்னால், இசக்கி என்னைப் பார்ப்பான். அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னியளே என்று அவன் வாயைத் திறந்து கேட்காவிட்டாலும் பார்ப்பான். பண்ணையார் அதைக் கவனிப்பார். ஆஸ்பத்திரிக்கு வருகிற நாலு பேரும் நின்றுவிடுவார்கள். தெரியவில்லை என்று சொன்னால், இதுகூடத் தெரியாதவனுக்கா வண்டி அனுப்பினோம் என்பார். முன்பு சொன்னதையே சொன்னால் மட்டும் நான் நிமிர்ந்து நிற்கலாம்.

"ஒரு ஈற்றுக்கு ஒரு தகப்பன்தான்" என்றேன். "இரண்டு கருப்பாக இருப்பதால் ஐந்துமே அந்தக் கடுவனுடையது. மூன்றுக்கு வெளுப்பு தாய்வழி வந்தது."

இசக்கி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன், அதற்காகக் காத்திருப்பது போலப் பார்த்தான். நான் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப அஞ்சும் வேண்டாம்" என்றார் பண்ணையார். "நீயே கொண்டு போய்க் கால்வாயில போடுலே. பிறகு நீயும் இங்கன இருக்க வேண்டாம்."

சிட்டுவைக் கட்டிப் போட்டார்கள். இசக்கி ஓலைப்பெட்டியில் கொஞ்சம் வைக்கோல் போட்டு, அதன்மேல் ஐந்து குட்டிகளையும் எடுத்து வைத்தான். தண்ணீரில் போடப்போகிற குட்டிக்கு எதற்கு வைக்கோல் என்று ஒருவரும் கேட்கவில்லை. கன்னடியன் கால்வாய் அங்கிருந்து கூப்பிடு தூரம். காவல்காரன் ஒருவன் கூடப் போனான். எனக்கு மோர் கொடுத்தார்கள். குடித்தேன். நான் வண்டியில் திரும்பும்போது இசக்கி வெறும் பெட்டியோடு வரப்பில் எதிரே வந்தான். ஒதுங்கி நின்று வண்டிக்கு வழி விட்டான்.

மறுநாள் மறுபடியும் ஆள் வந்தது. சிட்டுக்கு மடி கட்டிக்கொண்டு கல்லாக இருந்தது. கிட்டே போன புது ஆளைக் கடித்திருந்தது. வாயைக் கட்டி, மூன்று பேர் பிடித்துக்கொள்ள, பாலைப் பீச்சிவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். கட்டை அவிழ்த்ததும் அது கொட்டிலின் மூலைக்குப் போய் வைக்கோலை முகர்ந்து முகர்ந்து கிளறியது. சோறு வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. பால் வைத்தார்கள், கறி வைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது.

சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள், "அவன் சத்தங் கேட்டாத்தான் அது தின்னும். வேற யார் வச்சாலும் தொடாது."

பண்ணையார் கேட்காதது மாதிரி இருந்தார். மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவன் குற்றம் குறையுமானால் அவனைக் கூப்பிட அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்தக் காரணம் என்னிடம் இருந்தது. அன்றைக்கும் நான் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். நாலாம் நாள்தான் சொன்னேன்.

"கருப்பு நாயைச் சேர்க்கலாமா என்று இசக்கி என்னிடம் வந்து கேட்டான். ஒன்றும் ஆகாது, செய் என்று சொன்னது நான்."

அவர் கேட்டார், "இதை அன்னைக்கு ஏன் சொல்லல?"

"பயம்."

"அவனும்லா சொல்லல" என்றார். பிறகு காவல்காரனைக் கூப்பிட்டு, "வண்டியைப் பூட்டு. பேச்சியோட பொறந்த ஊர் நாங்குனேரிப் பக்கம். அங்கன போய்ப் பாரு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

வண்டி மறுநாள் சாயந்தரம் வெறுமையாகத் திரும்பி வந்தது. அவர்கள் அங்கே ஒரு நாள் தங்கிவிட்டுக் கிழக்கே போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை என்றார்கள். அதற்கு மறுநாள் முற்பகலில் சிட்டு செத்துப்போனது. நான் பக்கத்தில் இருந்தேன். செய்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் சென்னையில் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பதில் பத்து நாளில் வந்தது. நாயும் பூனையும் பருவத்தில் இருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு ஆணுடன் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டுக்கும் குட்டிகள் பிறக்கும், இது அபூர்வமே அல்ல, நாய் வளர்க்கிற எல்லாரும் அறிந்தது, நீ ஏன் கேட்கிறாய் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பண்ணையாரிடம் போனேன். கொண்டு போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் குனிந்து வெள்ளையனின் தலையில் கையை வைத்தார்.

"மூணு குட்டி" என்றார்.

மேலதிகாரிக்கு அவர் எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அந்த வண்டி வரவே இல்லை. வெள்ளையன் அந்த மார்கழியில் செத்ததாகக் கேள்விப்பட்டேன். அதன் வழி அதோடு நின்றது.

உண்மையைச் சொன்னேன் என்று நான் எங்கேயும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. நாலு நாள் முந்திச் சொல்லியிருந்தால் மூன்று குட்டியும் தாயும் இருந்திருக்கும். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இருந்திருக்கும். நாலு நாள் பிந்திச் சொன்னதில் என் மனப்பாரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். நம் வேலையில் தப்பு நேராமல் இருக்காது. நீங்களும் செய்வீர்கள். தப்பான பதிலை முதல் தடவை சொன்னது என் அறியாமை. இரண்டாம் தடவை சொன்னபோது நான் அறியாதவன் இல்லை. இந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இசக்கியை நான் மறுபடியும் பார்த்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து, ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்து போன மறுவருஷம், மாட்டுக்கு வெக்கை நோய் பரவுகிறது என்று என்னைச் சாத்தான்குளம் பக்கம் அனுப்பினார்கள். தேரிக்காட்டு வழியாக ஒரு குடியிருப்புக்குப் போனபோது, பனைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து ஆடுகளோடு ஒருவன் நின்றான். நான்தான் முதலில் அவனை அடையாளம் கண்டுகொண்டேன் என்று நினைத்தேன். அதற்குள் அவன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அய்யா நல்லா இருக்கியளா?"

பேச்சி விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். யாருடைய ஆடுகளையோ குட்டியில் பங்கு என்று வாரத்துக்கு மேய்த்துக்கொண்டு, ஓலைக்குடிசையில் தனியாக இருந்தான். வாசலில் நாய் இல்லை. ஆடு மேய்க்கிறவன் நாய் இல்லாமல் இருக்கிறானே என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தான். குடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன், பண்ணையார் வண்டி அனுப்பியதைச் சொன்னேன், சிட்டு செத்ததைச் சொன்னேன். சிட்டு என்றதும் மட்டும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் சொன்னது தப்பு, இசக்கி. உன் மாமா சொன்னதுதான் சரி."

"அது எனக்கு அப்பவே தெரியும், அய்யா. எங்க மாமா பொய் சொல்லுத ஆளு இல்ல."

"தெரிந்துமா செய்தாய்?"

"நீங்க சிரிச்சியல்லா" என்றான் பைய. "படிச்சவுக சிரிக்கும்போது, நாமதான் தப்பா இருக்கணும்னு தோணிருது."

நான் கேட்டேன், "அன்றைக்குப் பண்ணையார் முன்னால் என் பெயரை ஏன் சொல்லவில்லை?"

"நீங்களே சொல்லுவியன்னு நெனைச்சேன்."

நான் கிளம்ப எழுந்தேன். அவன் தயங்கி, "அய்யா வந்ததே வந்திய, ஒரு ஆட்டைப் பாத்துட்டுப் போங்க" என்றான்.

குடிசைக்குப் பின்னால் ஒரு பெட்டை ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், மண்டையைத் தட்டிப் பார்த்தேன். மூளையில் கட்டி இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

"பொழைக்குமா அய்யா?"

"தெரியவில்லை."

"அறுத்துரலாமா, வச்சுப் பாக்கலாமா?"

"அதுவும் எனக்குத் தெரியவில்லை, இசக்கி. நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆட்டின் பக்கத்தில் குந்தி, அதன் தாடையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். "தீனி எடுக்கு. பத்து நாள் வச்சுப் பாக்கேன்" என்றான்.

பதினோராம் நாள் அந்தப் பக்கம் போனேன். ஆடு எட்டாம் நாளே செத்திருந்தது. புதைத்த இடத்தைக் காட்டினான். அங்கேயே மணலில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து அது எந்தப் பக்கம் சுற்றியது, எப்போது தீனி எடுப்பதை நிறுத்தியது, எந்தக் கண் முதலில் தெரியாமல் போனது என்று ஒவ்வொரு நாளாக அவன் சொன்னான். நான் நோட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டேன்.